தேய்த்தால் திரும்பாது

பழைய ரிவால்வரைத் துணியில் சுற்றிக்கொண்டு பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நீலம் போய்விட்டது, அங்கங்கே பழுப்பேறிவிட்டது, தாத்தா காலத்தில் முகம் பார்க்கலாமாம், அப்படியே ஆக்கித் தர முடியுமா என்பதுதான் கேள்வி. வேலை தெரிந்தவர் நிறத்தில் நேரம் செலவழிப்பதில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நான் பார்த்த பட்டறையில், மேசை விளக்கைச் சாய்த்துவிட்டு முதலில் திருகுத் துளைகளின் விளிம்பைப் பார்த்தார்கள். பிறகு குழலின் மேல் பொறித்த எழுத்துகளில் நகத்தை ஓட்டிப் பார்த்தார்கள். மூன்றாவதாக, மரக் கைப்பிடியைக் கழற்றி, வெளிச்சமும் வியர்வையும் படாத உள்பக்கத்தைப் பார்த்தார்கள். இந்த மூன்று பார்வையிலேயே முடிவு ஏறக்குறைய எடுக்கப்பட்டுவிடுகிறது. புதுப்பிப்பதைப் பூசுகிற வேலை என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது தேய்க்கிற வேலை; பூச்சு கடைசியில் வருவது. ஆகவே புதுப்பிக்கலாமா என்று கேட்பதற்கு முன், எதைத் தேய்த்து எடுக்கப்போகிறோம் என்று கேட்டாக வேண்டும். அதைக் கேட்டுவிட்டால், பெரும்பாலான பழைய ரிவால்வர்களுக்கு விடை 'வேண்டாம்' என்பதுதான் என்பது என் கட்சி.

இந்த வேலைக்கு இந்தப் பள்ளத்தாக்கைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஹார்ட்ஃபோர்டில் ரிவால்வர் உற்பத்தியாளர் சாமுவேல் கோல்ட் 1855இல் கட்டிய தொழிற்சாலை 1864இல் எரிந்துபோனது; அதன் பிறகு திரும்ப எழுப்பிய கட்டடத்தின் நீலக் குவிமாடம் இன்றும் நிற்கிறது. ஆற்றோடு வடக்கே போனால் ஸ்பிரிங்ஃபீல்டு. ரிவால்வர் நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வளர்ந்த ஊர். 1968 வரை ராணுவத்துக்கு ஆயுதம் செய்துகொண்டிருந்த அரசுப் படைக்கலச் சாலையும் அங்கேதான், இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. இங்கே நீலம் என்று சொல்லப்படுவது வண்ணம் கிடையாது. இரும்பின் மேற்பரப்பையே கறுப்பு ஆக்சைடாக, அதாவது மேக்னடைட்டாக மாற்றுவதுதான் அது. சிவப்புத் துருவும் இரும்பு ஆக்சைடுதான், இதுவும் இரும்பு ஆக்சைடுதான். அது அரிக்கும், இது ஓரளவு காக்கும். பழைய முறையில் இரும்பைக் கரியோடு உலையில் சூடேற்றி இந்த நிறத்தை வரவழைத்தார்கள். இன்னொரு முறையில் வேண்டுமென்றே துருவேற்றி, கொதிநீரில் போட்டுக் கறுப்பாக்கி, கம்பித் தூரிகையால் துடைத்து, அதையே பல தடவை திரும்பச் செய்வார்கள். இன்றைய பட்டறைகளில் பரவலாக இருப்பது ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் காரஉப்புத் தொட்டி; அரை மணி நேரத்துக்குள் காரியம் முடிந்துவிடும். எந்த முறையானாலும் படலம் மிக மெல்லியது. அது எதையும் மறைக்காது. கீழே இருக்கும் கீறல், குழி எல்லாம் அப்படியே நீலமாகத் தெரியும். அதனால்தான் புது நீலத்துக்கு முன் பழையதை முழுக்க எடுத்து, இரும்பைத் தேய்த்துச் சமமாக்க வேண்டியிருக்கிறது. துரு ஒரே இடத்தில் மயிரிழை ஆழத்துக்குக் குழி பறித்திருந்தாலும், அந்தக் குழியின் அடிமட்டத்துக்குச் சுற்றுப்புறம் முழுவதையும் இறக்கியாக வேண்டும்.

தேய்ப்பதில் எவ்வளவு கை இருக்கிறது என்பதை அருகில் நின்று பார்த்தால்தான் புரியும். பஃப் சக்கரத்தில் துணியை மாட்டி ரிவால்வரைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் மின்னும். ஆனால் துணி மெத்தென்று இருப்பதால் துளை கண்ட இடத்தில் உள்ளே அமிழ்ந்து விளிம்பைத் தின்கிறது. திருகைச் சுற்றி ஒரு சிறு பள்ளம் விழுகிறது. எழுத்துகளின் மேல் ஓடும்போது சக்கரம் போகும் திசையில் வால் இழுத்தாற்போல ஒரு கோடு படுகிறது. சட்டகத்தின் கூர்மையான முனைகள் மழுங்கிவிடுகின்றன. நல்ல பட்டறையில் அதனால் சக்கரத்துக்கு எளிதில் போகமாட்டார்கள். உப்புத்தாளைத் தட்டையான கட்டையில் சுற்றி, ஒரே திசையில், பகுதி பகுதியாகக் கையால் தேய்க்கிறார்கள். திருகுகளை இறுக்கி வைத்தபடியே தேய்த்தால் துளையின் விளிம்பும் திருகின் தலையும் ஒன்றாக இறங்கும், பள்ளம் விழாது. அந்தத் திருகுகள்கூட அசல் திருகுகளாக இருப்பதில்லை, இதற்கென்றே வைத்திருக்கும் போலிகள். எழுத்துப் பக்கம் வரும்போது கை தானாகவே மெதுவாகிறது. ஒரு சிறு சட்டகத்துக்கே நாள்கணக்கில் ஆகிறது. வாடிக்கையாளர் கேட்ட நீலத்துக்கு அதில் அரை மணி நேரம்.

இவ்வளவு கவனமும் எதற்காக என்று யோசித்தால் என் வாதத்தின் நடுப்பகுதிக்கு வந்துவிடலாம். கோல்டும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் பெயர் பெற்றது எந்திரத்தால். மாற்றிப் பொருத்தக்கூடிய பாகங்கள், கடைசல் வரிசைகள், அளவுமானிகள். ஆனால் எந்திரம் விட்டுச் சென்ற தடங்களை நீக்கி, தட்டையைத் தட்டையாகவும் வளைவை வளைவாகவும் முடித்தவர்கள் பாலிஷ் பிரிவின் தொழிலாளர்கள். மரச் சக்கரங்களுக்குத் தோல் போர்த்தி, பசை தடவி, எமரித் தூளில் உருட்டி, ஒவ்வொரு வளைவுக்கும் ஏற்ற வடிவில் சக்கரம் வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். தூசு மண்டிய, நுரையீரலைப் பதம்பார்க்கும் வேலை. அவர்கள் பெயர் எந்த ரிவால்வரிலும் இல்லை. முதலாளியின் பெயர் குழலில் இருக்கிறது. அவர்கள் கைவைத்ததற்கு மிஞ்சியிருக்கும் ஒரே சான்று அந்த மேற்பரப்புதான். புதுப்பிக்கும்போது முதலில் போவதும் அதுவே. ஹார்ட்ஃபோர்டின் கனெக்டிகட் வரலாற்று அருங்காட்சியகத்தில் கோல்ட் நிறுவனத்திடமிருந்து வந்த துப்பாக்கிகளைப் பார்த்துவிட்டு, எங்கோ ஒரு கடையில் 'புதிதுபோல' என்று வைத்திருக்கும் ஒன்றைப் பார்த்தால் வேறுபாடு உடனே கண்ணில் படும். பின்னது அதிகமாக மின்னும். ஆனால் அதில் ஒரு நேர்கோடும் நேராக இருக்காது.

மேற்பரப்பு பேசும் சாட்சியம் இத்தோடு நிற்கவில்லை. கோல்ட் ஆவணக் காப்பகத்துக்கு வரிசை எண்ணை அனுப்பினால், அந்தத் துப்பாக்கி எந்த நாளில் யாருக்கு அனுப்பப்பட்டது, குழல் எத்தனை அங்குலம், நீலமா நிக்கலா என்று பேரேட்டைப் பார்த்துக் கடிதம் தருகிறார்கள். நீலமாகப் போனதற்கு யாரோ நிக்கல் முலாம் பூசியிருந்தால் கடிதமும் துப்பாக்கியும் ஒன்றையொன்று மறுக்கும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்களில் இன்னும் எளிய சோதனை உண்டு. சுத்தியையும் விசையையும் தொழிற்சாலையில் பொதுவாக முலாமில் முக்கவில்லை. கடினமாக்கும்போது வரும் கலவை நிறத்தோடு விட்டுவிட்டார்கள். நிக்கல் துப்பாக்கியில் சுத்தியும் நிக்கலாக மின்னினால், பழகிய கண் அது வேறொருவர் வேலை என்று சந்தேகப்பட்டுவிடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதே நிறுவனம் செய்த 'விக்டரி' மாடல்கள் மங்கிய, பாலிஷ் இல்லாத போர்ப் பூச்சோடு வந்தவை. அவசரத்தில் பாலிஷுக்கு நேரமில்லை என்பதே அந்தப் பூச்சு சொல்லும் சரித்திரம். போர் முடிந்து உபரியாக விற்கப்பட்டபோது அவற்றில் பலவற்றைப் பாலிஷ் போட்டு, முலாமும் பூசி அழகாக்கினார்கள். அழகுக்குக் குறைவில்லை, சரித்திரம்தான் போய்விட்டது.

துருவே சான்றாக நின்றதும் உண்டு. ஓவியர் வின்சென்ட் வான் கோ 1890இல் தன்னைச் சுட்டுக்கொண்டது இதனால்தான் என்று நம்பப்படும் ஏழு மில்லிமீட்டர் லஃபோஷே ரிவால்வர், 1960களில் பிரான்சின் ஓவேர்-சூர்-ஊவாஸ் வயலில் ஒரு விவசாயியின் கையில் கிடைத்தது. கைப்பிடி இல்லை, உடம்பு முழுவதும் அரித்துக் கிடந்தது. அது எத்தனை ஆண்டு மண்ணில் கிடந்திருக்கும் என்று கணிக்க உதவியது அந்த அரிப்புதான். 2019இல் பாரிசில் அது 1,62,500 யூரோவுக்கு ஏலம் போனது. கண்டெடுத்த உடனே யாராவது ஆர்வக்கோளாறில் தேய்த்துச் சுத்தம் செய்திருந்தால், வயலில் கிடைத்த ஒரு பழைய இரும்பு என்பதற்கு மேல் எதையும் சொல்ல முடியாமல் போயிருக்கும். 1881இல் கொள்ளைக்காரன் பில்லி தி கிட்டைச் சுட்ட ஷெரிஃப் பாட் கேரட்டின் கோல்ட் 2021இல் 60 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனதும் அதன் மினுக்கத்துக்காக அல்ல.

இதற்கு வாடிக்கையாளர் சொல்லும் பதில் எளிது: என் துப்பாக்கி வான் கோவுடையது இல்லையே, மேசை இழுப்பறையில் கிடந்த சாதாரணப் பொருள்தானே? நியாயமான பேச்சு. இதைவிட வலுவான மறுப்பும் உண்டு: தொழிற்சாலையும் ராணுவமுமே பழைய ரிவால்வர்களைப் புதுப்பித்திருக்கும்போது, இன்று மட்டும் என்ன புனிதம்? 1873 முதல் குதிரைப்படைக்குப் போன ஏழரை அங்குலக் குழல் கொண்ட கோல்ட்களை ராணுவம் 1890களின் நடுவில் திரும்பப் பெற்றது. ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கலச் சாலையிலும் கோல்ட் தொழிற்சாலையிலும் குழலை ஐந்தரை அங்குலமாக வெட்டி, பாகங்களைக் கலந்துபோட்டு, புதுப்பூச்சுக் கொடுத்து மீண்டும் அனுப்பினார்கள். ஒரு துப்பாக்கியின் சட்டகத்தில் ஓர் எண், குழலில் வேறோர் எண். 1898இன் ஸ்பானிய யுத்தத்துக்கும் பிலிப்பைன்சுக்கும் போனவை இவற்றில் பல. இன்று 'ஆர்ட்டிலரி' மாடல் என்று தனிப் பெயரோடு சேகரிக்கப்படுகின்றன. இது என் வாதத்தைக் கவிழ்ப்பதாகத் தோன்றலாம். கூர்ந்து பார்த்தால் அதற்கு முட்டுக்கொடுக்கிறது. அந்தப் புதுப்பிப்பு பணியிலிருந்த ஆயுதத்துக்கு, பணிக்காக, வெளிப்படையாக நடந்தது. ஆகவே அதுவே வரலாறாயிற்று. இன்று ஒருவர் அந்த வெட்டிய குழலைக் கழற்றி, நீளக் குழல் போட்டு, எண்களை ஒத்துப்போகச் செய்து 'பழைய நிலைக்கு'க் கொண்டுவந்தால், 1870களின் துப்பாக்கி திரும்பாது. 1898இன் துப்பாக்கிதான் அழியும். புதுப்பிப்பவர் எந்தத் தேதிக்குத் திரும்பப் போகிறார் என்று கேட்டால், ஒழுங்கான பதில் வருவது அபூர்வம்.

துரு தின்றுகொண்டிருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்கிறேனா? இல்லை. துருவை நிறுத்துவதும் புதுப்பிப்பதும் ஒன்றென்று நினைப்பதால்தான் பாதிக் குழப்பம். செந்துருவை எண்ணெயில் ஊறவைத்து மென்மையாகத் துடைத்தெடுக்கலாம். பாகங்களைப் பிரித்துத் தூய நீரில் கொதிக்கவிட்டால் செந்துரு கறுப்பு ஆக்சைடாக மாறி அடங்கும்; துருவேற்றி நீலமாக்கும் பழைய முறையின் பின்பாதி அதுதான். அதற்கு மேல், 1950களில் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவான மெழுகை மெல்லப் பூசினால் காற்றும் ஈரமும் அண்டாது. இதில் கழிந்துபோவது துருவே தவிர இரும்பு இல்லை. நாளைக்கு வேறு முடிவு எடுக்க வேண்டுமென்றாலும் தடையில்லை. கடையில் விற்கும் 'குளிர் நீல'த் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தடவுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அதை முகர்ந்தே கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எனக்குக் கடினமாகத் தோன்றிய மறுப்பு தொழிலாளர் பக்கத்திலிருந்து வருவது. பழைய பாலிஷ்காரரின் உழைப்பை மதிக்கிறேன் என்றால், அதே கைத்திறனை இன்று உயிரோடு வைத்திருப்பவருக்கு வேலை கொடுக்காதே என்று எப்படிச் சொல்வது? குறிப்பாக எலும்புக்கரி வேலை அருமையானது. சட்டகத்தை எலும்புக்கரியும் மரக்கரியும் நிரப்பிய இரும்புப் பெட்டியில் புதைத்து, எழுநூறு டிகிரிக்கு மேல் சூடேற்றி, காற்றுக் குமிழி ஓடும் தண்ணீரில் ஒரே வீச்சில் கொட்டுகிறார்கள். மேல்தோல் கடினமாவதோடு, மழைத் தண்ணீரில் பெட்ரோல் படர்ந்தாற்போல நீலமும் பழுப்பும் வைக்கோல் நிறமும் படிகின்றன. ஒரு தடவை வந்த கோலம் மறு தடவை வராது. ஆனால் இந்த வேலைக்காரர்களே பழைய சட்டகத்தை மறுபடி அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோகத் தயங்குகிறார்கள்; தண்ணீரில் விழும் கணத்தில் முறுக்கிக்கொண்டால் திருப்ப முடியாது. திறமைக்குத் தீனி வேண்டுமென்றால் புதிதாகச் செய்யப்படும் துப்பாக்கிகள் இருக்கின்றன. ஏற்கெனவே கெட்டுப்போனவையும் ஏராளம்: துணிச் சக்கரத்தில் ஒரு தடவை உருக்குலைந்து, முனை மழுங்கி, முலாம் உரிந்து தொங்குகிறவை. அவற்றில் காப்பாற்ற மூலப்பூச்சு எதுவும் மிச்சமில்லை. அங்கே நல்ல கை மதிப்பைக் கூட்டத்தான் செய்யும். அறுபது லட்சத்துக்கு மேல் தயாரான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10 ஒன்று குழி விழுந்து கிடந்து, உரிமையாளருக்கு அது இலக்குப் பயிற்சிக்கு மட்டுமே தேவை என்றால், தாராளமாகச் செய்யட்டும். வரிசை எண் இருக்கும் இடத்தை மட்டும் தொடாமல் விட வேண்டும். எண் அழிக்கப்பட்ட துப்பாக்கியைத் தெரிந்தே வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம், தேய்ப்பவரின் கை தவறியது என்பதை யாரும் காது கொடுத்துக் கேட்கமாட்டார்கள்.

செய்வது என்று முடிவானால், செய்ததை எழுதி வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். இதற்கு முன்மாதிரி ஸ்பிரிங்ஃபீல்டிலேயே இருக்கிறது. பழுதுக்கோ புதுப்பூச்சுக்கோ திரும்பி வந்த ரிவால்வர்களில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் பொறித்தது. கைப்பிடிக்கு அடியில் மாதத்தையும் ஆண்டையும் எண்ணாகக் குறித்தது. எல்லாவற்றிலும் தவறாமல் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் 10.52 என்ற எண்ணைப் பார்க்கிறவருக்கு, 1952 அக்டோபரில் இது தொழிற்சாலைக்குத் திரும்பி வந்தது என்று தெரியும், ஏமாற்ற இடமில்லை. தனிப் பட்டறைகள் இந்த வழக்கத்தை எடுத்துக்கொள்ளத் தயங்குவதற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லை. குறி போட்டால் விற்பனை விலை குறையும் என்று வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார். சேகரிப்பாளர்கள் மூலப்பூச்சு எத்தனை சதவீதம் மிஞ்சியிருக்கிறது என்று கணக்குப்போட்டு விலை சொல்லும் சந்தையில், அந்தக் குறி அவருக்கு நஷ்டம்தான். ஆனால் குறியே இல்லாமல் அதே விலையை எதிர்பார்க்கிறவர் அடுத்து வாங்கப்போகிறவரின் பையில் கைவிடுகிறார். அந்த வேலையை ஏற்க மாட்டேன் என்று பட்டறைக்காரர் சொல்லிவிடலாம். அதற்கான உரிமை அவருக்கு உண்டு.