நவாலியில் ஆடிக்கூழ்

சென்ற ஆண்டு ஆடிப்பிறப்பன்று மகளையும் கூட்டிக்கொண்டு விடிய நவாலி போய்ச் சேர்ந்தேன். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் நாங்கள் விட்டுப்போன ஊர். பெரியம்மா திரும்பிவந்து அதே வளவில் இருக்கிறார். முற்றத்து அடுப்பில் கூழ்ப்பானை ஏறியிருந்தது.

சகோதரிகளே, அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். வறுத்த பயறு கால் சுண்டை அவியவிட வேண்டும். அரைச் சுண்டு பச்சரிசி மாவைத் தேங்காய்ப்பாலில் கரைத்து ஊற்றி, கட்டிபடாமல் துழாவ வேண்டும். பிறகு பனங்கட்டியைக் கரைத்து வடித்துச் சேர்த்து, தேங்காய்ச் சொட்டும் மிளகு, சீரகம், ஏலத்தூளும் போட்டு இறக்கலாம். பயறும் தேங்காயும் சேர்வதால் காலையில் குடித்தால் மத்தியானம் வரை பசி தெரியாது.

“சீனி போடலாமா பெரியம்மா?”

“போடு. ஆனால் அதைக் கூழ் என்று சொல்லாதே!”

1996 ஆடியில் வன்னியில் ஒரு கொட்டிலில் இருந்தோம். அன்று பனங்கட்டியுமில்லை, பயறுமில்லை. மாவை உப்போடு காய்ச்சி, கூழ் என்று சொல்லித்தான் மகளுக்குப் பருக்கினேன்.

பலாவிலையைக் கோலி ஒரு வாய் குடித்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அம்மா, அப்போது நீங்கள் தந்ததும் இதுவா?”

“மா மட்டும் ஒன்றுதான்” என்றேன். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கோப்பையை நீட்டினாள்.