மூடுபனிக்காக ஜெபித்த சிறுமி



சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேர்வராயன் மலைமேல் ஏறினால், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் எங்கள் ஏற்காடு இருக்கிறது. கோடையில் வருகிறவர்கள் இவ்வூரின் குளிர்ச்சியைப் புகழ்ந்துவிட்டு இறங்கிப்போகிறார்கள். ஆனால் மார்கழியிலும் தையிலும் சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இங்கே வாழ்கிறவர்கள் அறிந்த குளிர் வேறு.

சமவெளியில் வளர்ந்தவன் நான். இங்கு வந்த முதல் குளிர்காலத்தை ஒரு தண்டனையாகவே எண்ணினேன். துவைத்த துணி மூன்று நாளாகியும் உலராது. இரண்டு வயது மகனுக்கு இரவில் மூக்கடைக்கும். நானும் என் மனைவியும் முறைவைத்து அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு விழித்திருப்போம். காலையில் ஐந்து வயது மகளுக்கு ஸ்வெட்டர், குல்லா, காலுறை எல்லாம் அணிவித்து முடிக்கும் நேரத்தில், கழிவறைக்குப் போகவேண்டும் என்பாள். அந்த நாட்களில் என் பிள்ளைகள் என் வாயிலிருந்து அதிகம் கேட்ட சொல் "சீக்கிரம்" என்பதுதான். இந்தக் குளிர் விரைவில் கடந்துபோகவேண்டும் என்று நான் உண்மையாகவே ஜெபித்தேன்.

அந்த டிசம்பரில் ஒரு மாலை, தோட்டக் குடியிருப்பு ஒன்றில் நடக்கவிருந்த வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் புறப்பட்டேன். சில நிமிடங்களுக்குள் மூடுபனி இறங்கிவிட்டது. சாலையின் ஓரம் எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. வேறு வழியின்றித் திரும்பினேன். ஊழியம் தடைப்பட்டதே என்ற எரிச்சலுடன் வீட்டிற்குள் நுழைந்தேன். ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்ட மகனை, "சும்மா இரு" என்று அதட்டினேன்.

ஆயினும் போவதற்கு வேறு இடம் இல்லை. மின்சாரமும் நின்றுபோயிற்று. மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து, நால்வரும் ஒரே கம்பளிக்குள் அமர்ந்தோம். என் கைவிரல்களின் நிழலால் சுவரில் முயலும் நரியும் செய்து காட்டினேன். அன்றிரவு ஜெபவேளையில் மகள் கண்களை இறுக மூடிக்கொண்டு, "ஆண்டவரே, நாளைக்கும் மூடுபனி வரட்டும். அப்போதுதான் அப்பா வீட்டில் இருப்பார்" என்றாள்.

ஒரே கூரையின்கீழ் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு ஜெபங்கள்! அவளுடைய ஜெபத்துக்கு என்னால் உடனே ஆமென் சொல்ல இயலவில்லை.

அன்பானவர்களே, அப்போஸ்தலனாகிய பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தை அந்த வாரத்தில் மீண்டும் வாசித்தேன். சிறையிலிருந்த அவர், துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரும்படி கேட்கிறார். மாரிகாலம் தொடங்குமுன் வந்துசேரும்படியும் வேண்டுகிறார். அக்காலத்தில் மத்தியதரைக் கடலில் மாரிகாலப் பயணம் பேராபத்தானது. பெரும்பாலான கப்பல்கள் துறைமுகங்களிலேயே தங்கிவிடும். குளிர் வழிகளை அடைத்துவிடும் என்று அறிந்த அந்த முதியவர், தாம் மகனாகவே நேசித்தவன் அதற்குமுன் அருகில் இருக்கவேண்டும் என்று விரும்பினார். அங்கே மகனுக்காகத் தந்தை ஏங்கினார். எங்கள் வீட்டிலோ தந்தைக்காக மகள் ஏங்கினாள். பவுலின் கடிதத்தை எத்தனையோ முறை பிரசங்கித்திருந்தும், அந்த ஏக்கம் என் வீட்டிலேயே இருந்ததை நான் அறியாதிருந்தேன்.

எங்களைச் சுற்றிலும் சில்வர் ஓக் மரநிழலில் காப்பிச் செடிகள் நிற்கின்றன. கோடைமழையில் பூக்கும் அவை, குளிர்காலத்தில்தான் சிவந்த பழங்களைத் தருகின்றன. மலையின் குளிர்ச்சியில் பழம் மெதுவாகவே முதிர்கிறது. அந்தத் தாமதத்தில்தான் கொட்டை கெட்டிப்பட்டு, சுவையும் மணமும் சேர்கின்றன. குளிர் என்னையும் தாமதப்படுத்தியது. நான் அதைத் தடை என்றேன். என் மகளுக்கோ அது ஜெபத்தின் பதிலாயிருந்தது.

குளிர் இப்போதும் எளிதல்ல. மகனுக்குச் சளி பிடிக்கிறது, துணி உலருவதில்லை. கம்பளி இல்லாத வீட்டில் குளிரைப் புகழ்வதும் தகாது. பவுலே மேலங்கியைக் கேட்டாரல்லவா? ஆகவே நாம் அணியாமல் பெட்டியில் வைத்திருக்கும் ஸ்வெட்டர் ஒன்று இவ்வாரம் அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் போய்ச்சேரட்டும். ஆனால் மாலையில் பனி இறங்கும்போது நான் இப்போது கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. கதவைச் சாத்திவிட்டுக் கம்பளியை விரிக்கிறேன்.

உங்கள் வீட்டில் யார் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்? நீங்கள் தடை என்று கருதும் ஏதோ ஒன்று, அவர்களுடைய ஜெபத்தின் பதிலாக இருக்கலாம். வழிகள் அடைபடுமுன் அவர்களிடம் சென்றுசேருங்கள்.

ஜெபம்: பருவங்களை உண்டாக்கின எங்கள் பிதாவே, நீர் எங்களை நிறுத்தும் இடத்தில் முறுமுறுக்காமல் அமர்ந்திருக்கக் கற்றுத்தாரும். எங்கள் பிள்ளைகளின் சிறிய ஜெபங்களைக் கேட்கும் செவியை எங்களுக்கும் தாரும். குளிரில் நடுங்குவோரை மறவாதபடி எங்களைக் காத்தருளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.