பத்து விரல்

துபாயில் மூன்று வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். 2020 பிப்ரவரியில் போனவன் 2023 பிப்ரவரியில் திரும்பினேன். ஒப்பந்தம் முடிந்துவிட்டது, கம்பெனி டிக்கெட் போட்டுவிட்டது, பெட்டியும் கட்டியாகிவிட்டது. அந்த நேரத்தில் என் காலைப் பிடித்துக்கொண்டது ஒரு செல்போன். அதில் நான் ஒருநாள்கூடப் பேசியதில்லை.

சோனாப்பூர் கேம்பில் ஒரு அறைக்கு எட்டுப் பேர். வங்காளி, நேபாளி, தெலுங்கு ஆட்கள். அவர்களுக்கு நான் மெட்ராஸ்காரன், அவ்வளவுதான். எங்கள் ஊருக்கு மூன்றாவது ஊர்க்காரர் ஒருவர் போர்மேனாக இருந்தார். முதல் நாள் அவர் "எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "எந்தத் தெரு?" என்றார். அந்த இரண்டாவது கேள்வியை அந்தப் பாலைவனத்தில் வேறு எந்த நாட்டுக்காரனும் என்னிடம் கேட்டதில்லை. அன்றிலிருந்து அவருக்கு நான் 'டா'.

2021 நவம்பரில் ஒருநாள் திடீரென்று 'தம்பி' ஆனேன். "தம்பி, புது போன் ஒண்ணு தவணையில எடுக்கணும். எம்பேர்ல ஏற்கனவே ரெண்டு லைன் ஓடுது. ஒன் கார்டைக் குடு, மாசாமாசம் நான் கட்டிர்றேன்." ஓவர்டைம் கணக்கில் கையெழுத்துப் போடுகிறவர் அவர். எப்படி முடியாது என்பது? கடைக்குக் கூட்டிப்போனார். இருபத்திநாலு மாத ஒப்பந்தம். பேசுகிற திட்டத்துக்கு மாதம் 150 திர்ஹாம், போனுக்குத் தவணை 110. நான் ஐ.டி.ஐ. படித்தவன், இங்கிலீஷ் எழுத்துக்கூட்டியாவது வாசிப்பேன். ஆனால் அந்த ஒப்பந்தத்தை வாசிக்கவில்லை. பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். வாசித்தால் நம்பவில்லை என்று ஆகிவிடும். கையெழுத்துப் போட்டேன்.

கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது தெலுங்கு நண்பர் சொன்னார்: "விசா கேன்சல் பண்றப்போ கம்பெனி கார்டை வாங்கிக்கும். ஒம்பேர்ல லைன் இருந்தா அதுக்கு முன்னாடியே முடிச்சிடு." அந்த நாட்டில் சிம் கார்டு நம் அடையாள அட்டையோடு கட்டப்பட்டது. அட்டை விசாவோடு கட்டப்பட்டது. விசா முதலாளியோடு கட்டப்பட்டது. ஒரு முடிச்சை அவிழ்க்காமல் அடுத்ததை வெட்டினால் நாம்தான் தொங்குவோம்.

கடைக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் கணக்குப் பார்த்துச் சொன்னாள். இரண்டு மாதம் கட்டாத பில் 520. போன் தவணை மீதி ஒன்பது மாதத்துக்கு 990. முன்கூட்டியே விலகுவதற்குக் கட்டணம் 150. மொத்தம் 1,660 திர்ஹாம்.

தோழர்களே, இன்னொரு கணக்கையும் பாருங்கள். அங்கே வேலையை விட்டு வரும்போது வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாகத் தரவேண்டும், முதல் ஐந்து வருஷத்துக்கு அதுதான் சட்டம். எனக்கு அடிப்படைச் சம்பளம் 800. மூன்று வருஷத்துக்கு 63 நாள். கூட்டிப் பெருக்கினால் 1,657 திர்ஹாம். மூன்று வருஷ வெயிலுக்குக் கிடைக்கும் கூலி அந்தப் போனுக்குப் போய், மேற்கொண்டு மூன்று திர்ஹாம் நான் கையிலிருந்து போடவேண்டும்.

கேம்பில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஏர்போர்ட்டிலேயே பிடித்து உள்ளே போட்டுவிடுவான் என்றார்கள். விசாரித்துப் பார்த்ததில், போன் பாக்கி இருக்கிறது என்பதற்காகத் தானாக யாரையும் நிறுத்துவதில்லை. கடன் கொடுத்தவன் நீதிமன்றம் போய்ப் பயணத் தடை வாங்கியிருந்தால்தான் நிறுத்துவார்கள். ஆனால் பாக்கி என் பெயரில் அப்படியே நிற்கும். நாளைக்கு மறுபடி பிழைக்கப் போனால் அது வாசலில் உட்கார்ந்திருக்கும்.

அன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். அப்பா பண்ணையாளாக இருந்தவர். 1972இல் அத்தை கல்யாணத்துக்கு ஆண்டையிடம் முந்நூறு ரூபாய் வாங்கி, எழுதாத பத்திரத்தில் கைநாட்டு வைத்தார். கடன் தீரும்வரை வேறு ஆளிடம் வேலைக்குப் போகக்கூடாது. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்த மாதிரிக் கடனெல்லாம் செல்லாது என்றது. அந்தச் சேதி எங்கள் தெருவுக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் நாலு வருஷம் உழைத்துத்தான் அப்பா வெளியே வந்தார். பத்திரத்தை ஆண்டை திருப்பித் தரவேயில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பா ஒன்றுதான் கேட்டார். "எதுல கைநாட்டு வச்சேன்னு எனக்குத் தெரியாது, எழுத்து தெரியாதவன். நீ படிச்சவனாச்சே?"

பதில் சொல்ல முடியவில்லை. அவர் ஒரு விரலை வைத்தார். எனக்கு அடையாள அட்டை எடுக்கும்போது பத்து விரலையும் பதிந்தார்கள். அந்த அட்டையை நானே இன்னொரு ஆண்டையிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு அதே கவுன்டருக்குப் போனேன். வரி வரியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். ஒப்பந்தத்தை வேறொருவர் பெயருக்கு மாற்றலாம். பாக்கியைக் கட்டிவிட்டு இரண்டு பேரும் அட்டையோடு நேரில் வரவேண்டும். மீதி மாதங்கள் அவர் தலைக்குப் போகும்.

போர்மேனிடம் சொன்னேன். "அண்ணே, லைனை உங்க பேருக்கு மாத்திக்குங்க."

"போடா, பிளேன் ஏறிப் போயிடு. ஊருக்கு எவன் ஒன்னைத் தேடி வரப்போறான்?"

"பாக்கி எம்பேர்ல நிக்கும்ணே."

"கையில ஒரு கார்டு வந்ததும் ஒங்க ஆளுங்களுக்குப் பேச்சு வந்துருச்சு."

அறையில் மற்றவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் குரல் எந்த மொழியிலும் புரியும். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கை நடுங்கியது. இருந்தாலும் சொன்னேன்: "நம்பர் எம்பேர்ல இருக்கு. நாளைக்குக் காலையில போயி நிறுத்தி வைக்கச் சொல்லிருவேன்."

அவர் முகம் மாறிவிட்டது. வட்டிக்குக் கொடுத்தவர்களெல்லாம் அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவார்கள். பேங்கிலிருந்து வரும் ஓ.டி.பி.யும் அதற்குத்தான். கையெழுத்துப் போட்ட அன்றைக்கு என் பெயர் எனக்கு விலங்கு. அந்தப் பெயரே இப்போது அவருக்கும் விலங்கு என்பது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

வெள்ளிக்கிழமை வந்தார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றார். பாக்கி 520இல் பாதிதான் கொடுத்தார், மீதி 260 என் பணம். வாக்குவாதம் செய்யவில்லை, நாள் இல்லை. அதை ஜெயித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். ஆனால் அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒப்பந்தத்தை முழுசாக வாசித்தார். நிதானமாக, மூன்று பக்கமும். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வெளிநாடு போகிற நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. உன் அட்டையில் வேறொருவனுக்கு லைன் எடுத்துக் கொடுக்காதே. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே உன் பெயரில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டு எழுதி வாங்கு. அட்டையைக் கம்பெனி வாங்குவதற்கு முன் முடி. கடைசி பில்லைக் கட்டியதற்கும், பாக்கி இல்லை என்பதற்கும் காகிதம் வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதே.

வீட்டுக்கு வந்து சேர்ந்த ராத்திரி, சாப்பிடக்கூட விடாமல் அப்பா கேட்டார். "பத்திரத்தத் திருப்பி வாங்கினியா?"

பாக்கி இல்லை என்ற அந்தக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். ஒரு பக்கம் அரபி, ஒரு பக்கம் இங்கிலீஷ். அப்பாவுக்கு இரண்டும் தெரியாது. வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மடித்து, ரேஷன் கார்டு வைக்கிற தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.