தோளைப் பிசைந்து விடுவது பற்றிக் கொஞ்சம் பேசுவோம்



இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்த வாரம் எங்கள் ஆசிரியர் அறைக்குள் வந்து பார்த்தால் கோடாலித் தைலமும் சித்தாலேபவும்தான் மணக்கும். பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. கயிறு இழுத்தலில் வருடத்துக்கு ஒரு நாள் வீரம் காட்டிய எங்களுக்குத்தான் இந்த நிலை. போட்டியன்று சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும்தான் கையைத் தூக்கிக் கரும்பலகையில் எழுத ஏலாது.

பழக்கமில்லாத வேலை செய்த தசையின் இழைகள் நுண்ணியதாகச் சேதமாகி, உடம்பு அதைச் சீராக்கும்போது வருகிற வலி இது. 24 முதல் 72 மணித்தியாலத்துக்குள் உச்சத்துக்கு வரும், பிறகு தானாகவே தணியும். "லக்டிக் அமிலம் தேங்கி நிற்குது, உருவி விட்டால் போயிடும்" என்று படித்தவர்களும் சொல்வதுண்டு. அந்த அமிலம் வேலை முடிந்து ஒரு மணித்தியாலமளவில் தானாகவே தசையை விட்டுப் போய்விடும். 2012 இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 11 இளைஞர்களைக் களைக்கும்வரை சைக்கிள் மிதிக்கவைத்து, ஒரு காலை மட்டும் 10 நிமிடம் மசாஜ் செய்து, இரண்டு தொடைகளிலும் இருந்து சிறு தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். லக்டேட்டில் வித்தியாசம் இல்லை. ஆனால் மசாஜ் செய்த காலில் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் குறைந்திருந்தன. நம் மூத்தம்மாமார் கையால் கண்ட சுகம் உண்மைதான், சொல்லும் காரணம்தான் வேறு.

பிசைவது என்றால் எண்ணெய் தடவுவது அல்ல. பிசையும் முறையை மசாஜ் படித்தவர்கள் பெட்ரிசாஜ் என்பார்கள். மா குழைப்பதற்கான பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்த பெயர். ரொட்டிக்கு மா குழைக்கத் தெரிந்தவருக்குப் பாதி வேலை தெரியும். கழுத்தில் இருந்து தோள்முனை வரை ஓடும் தடித்த தசையைப் பெருவிரலுக்கும் மற்ற நான்கு விரலுக்கும் இடையில் பிடித்து, எலும்பில் இருந்து மெல்லத் தூக்கி, பிழிந்து, மற்றக் கைக்குக் கொடுக்க வேண்டும். எண்ணெய் கொஞ்சம் போதும், கூடினால் வழுக்கும், பிடி கிடைக்காது. முதலில் இரண்டு நிமிடம் உள்ளங்கையால் தேய்த்துச் சூடாக்குங்கள். கெண்டைக்கால் என்றால் குப்புறப் படுக்கவைத்து, கணுக்காலுக்குக் கீழே தலையணை வைத்து, கீழிருந்து மேலாகப் பிசையுங்கள். முள்ளந்தண்டின் மேலோ, கழுத்தின் முன்பக்கமோ கை வைக்கவே கூடாது. படுத்திருப்பவர் மூச்சை அடக்கினால் அழுத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம். "நல்லா வலிச்சாத்தான் நல்லா வேலை செய்யும்" என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. வலிக்கப் பயந்து தசை இன்னும் இறுகத்தான் செய்யும்.

விரலுக்கடியில் கயிறு மாதிரி உருளுவதை "நரம்பு பிரண்டிட்டு" என்கிறோம். பெரும்பாலும் அது இறுகிப்போன தசைதான். அதை நசுக்கித் தட்டையாக்க வேண்டியதில்லை.

நாள் முழுக்க தையல் மெஷினிலும் மருதமுனைத் தறியிலும் குனிந்திருக்கும் நம் பெண்களின் கழுத்து வலி வேறு கதை. பிசைந்தால் அன்றும் மறுநாளும் இலேசாக இருக்கும். மெஷினின் உயரம் மாறாமல், இடையிடையே எழும்பி நடக்காமல் இருந்தால் திரும்ப வரும்.

இனிச் சொல்வதைக் கவனமாக வாசியுங்கள். ஒரு காலில் மட்டும் கெண்டை வீங்கி, சூடாக, நோவாக இருந்தால் அதைப் பிசையாதீர்கள். உள்ளே நாளத்தில் இரத்தக் கட்டி இருக்கக்கூடும், அது கழன்று நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. பிரசவமான தாய்மார், சத்திர சிகிச்சைக்குப் பின் படுக்கையில் இருப்பவர்கள், தூரப் பயணம் போய் வந்தவர்கள் விடயத்தில் இன்னும் கவனம். நடு நெஞ்சு அமத்தி, இடது தோளுக்கோ தாடைக்கோ வலி ஏறி, வியர்த்தால் "வாய்வு பிடிச்சிருக்கு" என்று உருவிக்கொண்டு நேரத்தைப் போக்காதீர்கள். 1990 சுவசெரியவை அழையுங்கள், காசில்லாத சேவை. சீனி வருத்தத்தால் பாதம் மரத்தவர்களுக்கு அழுத்தம் தெரியாது, மெதுவாகவே செய்யுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டே செய்யட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் வாப்பாவின் கால், பிள்ளையின் முதுகு, மாமியின் முழங்கால் எல்லாவற்றையும் பிசைந்துவிடுவது பெண்கள்தான். தேங்காய் துருவி, உடுப்புப் பிழிந்து, நோன்பு காலத்தில் ஸஹருக்கும் எழும்பி நிற்கும் அந்தத் தோளை யார் பிசைந்துவிடுகிறோம்? உம்மாவிடம் கேட்டால் "எனக்கு ஒன்டுமில்ல, நீங்க போய்ப் படுங்க" என்றுதான் பதில் வரும். "காட்டுங்க உம்மா" என்று எண்ணெய்ப் போத்தலோடு பக்கத்தில் போய் இருந்துவிடுங்கள். இஷாவுக்குப் பிறகு 10 நிமிடம் போதும். அதற்கு முதல் உங்கள் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள்.