முழங்கால் அளவுதான்

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் காலை. அதற்கு முந்தைய இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்திருந்தது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் அடையாறு கரை மீறித் தெருக்களில் ஓடிற்று. எங்கள் கோவில் மண்டபத்தில் பல குடும்பங்கள் தஞ்சம் புகுந்திருந்தன.

அவர்களுள் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். தாயாரின் மருந்து வீட்டில் தங்கிவிட்டது. எதிர்த்தெருவைக் கடந்தால் எடுத்து வந்துவிடலாம். "தண்ணி எவ்வளவு இருக்கும் சாமி? போகலாமா?" என்றார். தாழ்வாரத்தில் நின்றபடியே பார்த்தேன். "முழங்கால் அளவுதான், போய் வா" என்றேன்.

பத்து அடி வைப்பதற்குள் அவர் கால் வாரிவிட்டது. ஒரு வேப்பமரம் கைக்கு எட்டியிராவிட்டால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணவும் அஞ்சுகிறேன். நான்கு பேர் கயிறு வீசி இழுத்துக் கரை சேர்த்தார்கள். மூச்சு வாங்கியபடி அவர் சொன்னார்: "ஆழம் நீங்க சொன்ன அளவுதான் சாமி. இழுப்புதான் தாங்கல."

என்னைக் குறை கூறாத அச்சொல் என்னை விடவில்லை. நான் கூறியது பொய்யன்று. ஆயினும் பாதி உண்மையே.

மழை ஓய்ந்து, மறு மாதம், அடையாற்றில் கலக்கும் ஒரு சிற்றோடைக்கு மறைக்கல்வி மாணவர் சிலரைப் பெரியவர்கள் துணையோடு அழைத்துச் சென்றேன். அந்த இளைஞரும் உடன் வந்தார். ஓடையின் குறுக்கே, மீட்டருக்கு ஒரு முடிச்சிட்ட கயிற்றைக் கட்டினோம். அகலம் 6 மீட்டர். ஒவ்வொரு முடிச்சிலும் அளவு குறித்த மூங்கில் கழியை நிறுத்தினோம். கழியின் அடியில் தட்டையான பலகைத் துண்டை அறைந்திருந்தோம். இல்லையேல் அது சேற்றில் புதைந்து ஆழத்தைக் கூட்டிக் காட்டும். கண்ட ஆழங்கள் 10, 25, 40, 35, 20 சென்டிமீட்டர். இவற்றின்படி, நீரின் குறுக்குப் பரப்பு 1.3 சதுர மீட்டர்.

பின்பு கரையோரம் 10 மீட்டர் தூரம் அளந்து, மேற்புறத்தில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை மிதக்கவிட்டோம். அது பெரும்பாலும் மூழ்கியே மிதப்பதால் காற்று அதை எளிதில் தள்ளாது. மூன்று முறை விட்டதில் சராசரியாக 20 வினாடி. அதாவது வினாடிக்கு அரை மீட்டர். ஆனால் அடிமண்ணும் கரையும் உராய்ந்து தடுப்பதால் உள்நீர் மேல்நீரினும் மெல்லவே செல்லும். ஆகவே கண்ட வேகத்தை 0.85-ஆல் பெருக்குவது வழக்கம். நீரளவைத் துறையினர், சுழலும் கிண்ணங்கள் பொருத்திய கருவியை நீர்மட்டத்திலிருந்து பத்தில் ஆறு பங்கு ஆழத்தில் இறக்கி, அந்தச் சராசரி வேகத்தை நேரடியாகவே அறிவர்.

பரப்பை வேகத்தால் பெருக்கினோம்: வினாடிக்கு ஏறத்தாழ 550 லிட்டர். நம் செய்தித்தாள்கள் கூறும் கணக்கில் சுமார் 20 கன அடி. அந்த டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அதிகபட்சமாக 29,000 கன அடி திறக்கப்பட்டது என்று படித்திருந்த பிள்ளைகள் வாயடைத்து நின்றார்கள். அந்த ஏரி நீரோ முடிச்சூரைத் தாண்டித் திருநீர்மலைப் பக்கம்தான் ஆற்றோடு சேர்கிறது. எங்கள் தெருவில் ஓடியது, மேலுள்ள ஏரிகள் நிரம்பி வழிந்த நீரும் பெய்த மழையும்.

ஒரு சிறுமி கேட்டாள்: "இங்கேயும் முழங்கால் அளவுதானே சாமி, ஏன் இழுக்கவில்லை?" வேகம் இரு மடங்கானால் நீர் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும், மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. ஆழம் மாறாதிருக்கலாம், ஆபத்து மாறிவிடும். கலங்கிய நீருக்கடியில் பள்ளமும் திறந்த சாக்கடையும் இருப்பின் சொல்லவே வேண்டா.

ஆகவே பெற்றோரே, மழைக்காலத்தில் ஓடும் நீரைக் காட்டி "முழங்கால் அளவுதான்" என்று பிள்ளைகளை அனுப்பாதீர்கள். ஒரு சுள்ளியை எறிந்து, அது போகும் விரைவையாவது பாருங்கள். ஐயமிருந்தால் கடக்கவே வேண்டா.

துன்பத்தில் இருப்போர் இன்றும் என்னிடம் வந்து, "இதைத் தாண்டிவிடலாமா?" என்று வினவுவதுண்டு. தாழ்வாரத்தில் நின்றபடி நான் இப்போது விடை சொல்வதில்லை. முதலில் அவர்களோடு கரைவரை செல்கிறேன்.