புழுவுக்கும் ஒரு போட்டோ

நந்தியாவட்டைச் செடிக்கு அடியில் பெருக்கும்போது, மிளகைக் கொட்டினதுபோல் கறுப்பு உருண்டைகள் கிடந்தால் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பாருங்கள். மேலே ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். சட்டென்று கண்ணில் பட மாட்டார். இலையின் பச்சையும் அவர் பச்சையும் ஒன்றே. ஏதாவது ஒரு கிளையில் இலையெல்லாம் போய்க் காம்பு மட்டும் நிற்கும். அதற்கு அடுத்த கிளையில், இலைக்குக் கீழே, நம் நடுவிரல் பருமனில் ஒட்டிக்கொண்டிருப்பார். தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, கழுத்துப் பக்கம் நீலமாக இரண்டு பெரிய கண்களைக் காட்டுவார். பாம்போ என்று நமக்குத் தூக்கிவாரிப் போடும். அவை கண்களே அல்ல. குருவிகளை மிரட்டுவதற்கான வெறும் புள்ளிகள். வாலில் சின்னதாக ஒரு கொம்பு. கடிக்காது, கொட்டாது, அரிக்கவும் அரிக்காது.

ஏரலில் எங்கள் வீட்டுப் புறவாசல் அப்படியொன்றும் பெரியதல்ல. ஒரு முருங்கை, நந்தியாவட்டை, செவ்வரளி, பப்பாளி, ஒரு மல்லிகைப் பந்தல், வேலியில் தானாகப் படர்ந்த சீந்தில் கொடி. அவ்வளவுதான். சுவருக்கு அந்தப் பக்கம் வாழைத் தோட்டம். அதையும் தாண்டினால் தாமிரபரணி. இந்த நாலு செடியில் உட்காரும் புழுக்களையும், அவை வளர்ந்து ஆகும் அந்துப்பூச்சிகளையும் செல்போனில் படம் பிடிப்பது எனக்குச் சில வருஷங்களாகப் பழக்கம். என் மாமியார் முதலில் தலையில் அடித்துக்கொண்டார்கள். "செத்துப்போன உங்க மாமாவுக்கே இந்த வீட்டுல நல்லதா ஒரு போட்டோ இல்ல. புழுவுக்கு ஒரு போட்டோவாளா?" என்றார்கள்.

பொழுதுபோக்குக்காக ஆரம்பித்ததல்ல இது. 2021 ஐப்பசியில், எங்கள் மகளுக்கு அப்போது ஆறு வயது, விளையாடிக்கொண்டிருந்தவள் முருங்கை மரத்தைக் கட்டிப் பிடித்தாள். அடிமரத்தில் கம்பளிப்பூச்சிகள் அப்பிக்கொண்டிருந்தன. மரப்பட்டை நிறமே அதற்கும்; கிட்டப் போனாலும் தெரியாது. கையும் கழுத்தும் தடித்துச் சிவந்து, ஒரு கண் இமை வீங்கி, ராத்திரி முழுக்கப் பிள்ளை தூங்கவில்லை. டாக்டர் கொடுத்த மருந்தில் மூன்றே நாளில் தடிப்பு வற்றிவிட்டது. பயம்தான் வற்றவில்லை. புறவாசல் படியில் கால் வைக்க மாட்டாள். கொடியில் உலர்ந்த பாவாடையை மூன்று தடவை உதறிக் காட்டினால்தான் போட்டுக்கொள்வாள். முருங்கைக் கீரையைத் தட்டில் கண்டாலே அழுகை. அத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்: "மரத்த வெட்டிப் போடு. சனியன் தொலையட்டும்."

வெட்ட எனக்கு மனசு வரவில்லை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் குறைவாக இருக்கிறது என்று சொல்லி, மாத்திரையோடு கீரையும் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். விலை கொடுக்காமல் தினமும் கிடைக்கிற கீரை அது. அதனால் வெட்டுவதற்கு முன் அந்தப் பூச்சி எப்போது வருகிறது, எங்கே உட்காருகிறது, எப்போது போகிறது என்று பார்த்துவிடுவோம் என நினைத்தேன். கிட்டப் போக எனக்கும் தயக்கம். செல்போனில் தூரத்திலிருந்தே பெரிதாக்கிப் படம் எடுத்தேன். மகள் படியில் நின்றபடி எட்டிப் பார்த்தாள். படத்தில் இருக்கும் புழு கையில் ஏறாதல்லவா?

பார்த்ததில் தெரிந்தது இது. முருங்கைக் கம்பளிப்பூச்சி பகலில் கும்பலாக அடிமரத்தில் ஒட்டிக்கொள்கிறது. ராத்திரிதான் மேலே ஏறி இலையையும் பட்டையையும் தின்கிறது. மழை தொடங்கியதும் பெருகுகிறது. ஆக, பகலில் எல்லாம் ஒரே இடத்தில் நம் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கின்றன! மரத்தை வெட்ட வேண்டியதே இல்லை. முழுக்கைச் சட்டை போட்டு, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, காற்று அடிக்காத நேரமாகப் பார்த்து, நீளக் கம்பில் கட்டிய ஈரத்துணியால் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் வழித்துவிட்டால் போதும். சிலர் தீப்பந்தம் காட்டுவார்கள். ஓலைக் கொட்டகையை ஒட்டி நிற்கும் மரத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

குழந்தைகள் உள்ள வீட்டில் இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பூச்சி மேலே பட்டால் நம் கை தானாகத் தேய்க்கத்தான் போகும். தேய்க்கக் கூடாது. தேய்த்தால் அந்த நுண்ணிய மயிர்கள் இன்னும் உள்ளே ஏறும். ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் ஒட்டி ஒட்டி எடுத்தால் மயிர் அதோடு வந்துவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்துணி ஒத்தடம். உடுத்தியிருந்த துணியைத் தனியே ஊறப்போட வேண்டும். கண்ணில் பட்டாலோ, மூச்சு முட்டினாலோ, உதடு வீங்கினாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம். உடனே டாக்டரிடம் போங்கள்.

மயிர் அடர்ந்ததைத் தொடாதே, வழவழப்பானதைப் பார்க்கலாம் என்று மகளுக்கு ஒரு எளிய கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். வழவழப்பான எல்லாம் சாது என்று சொல்லிவிட முடியாது. சிலதில் முள்ளும் உண்டு. ஆனாலும் ஆறு வயதுக்கு அந்தக் கணக்கு போதும். அதற்கு முதல் உதாரணம்தான் நந்தியாவட்டைப் புழு.

அதை ஒரு கண்ணாடி ஜாடியில் வளர்த்தோம். மூடி போடாமல் பழைய மல் துணியால் வாயைக் கட்டி, அடியில் இரண்டு அங்குலம் ஈரப்பதமான மண், சாய்வாக ஒரு குச்சி, தினமும் புது இலை. அரளி, நந்தியாவட்டை இரண்டின் பாலும் நமக்கு ஆகாது, அரளி நல்ல விஷம். இலை பறித்ததும் கை கழுவியாக வேண்டும். புழுவுக்கு மட்டும் அதுவே விருந்து. இரண்டு நாள் கழித்துத் திடீரென்று தின்பதை நிறுத்திப் பச்சை மாறிப் பழுப்பாகிவிட்டது. "எம்மா, இதுக்கு உடம்பு சரியில்ல" என்று ஓடி வந்தாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. கூட்டுப்புழு ஆவதற்கு முன் மண்ணுக்குள் இறங்குகிற நிறம் அது.

முதல் ஜாடியில் அந்துப்பூச்சி வரவில்லை. வாரம் கழிந்தபோது கூட்டுப்புழுவுக்குப் பக்கத்தில் பழுப்பு நெல்மணிபோல் நாலைந்து கிடந்தன. அதிலிருந்து வந்தவை ஈக்கள்! ஒரு ஜாதி ஈ, புழுவின் மேல் முட்டையிட்டுவிடுகிறது. அதன் குஞ்சுகள் புழுவின் உள்ளே இருந்தே அதைத் தின்று வளர்கின்றன. மகளுக்கு இதை எப்படிச் சொல்வது என்று நான் தயங்கினேன். அவளோ, "அப்ப ஈயும் சாப்பிடணும்லா" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

இரண்டாவது ஜாடியில் பதினைந்து நாளில், விளக்கு வைத்த பிறகு வெளியே வந்தது. பிழிந்து போட்ட துணிபோல் சிறகெல்லாம் கசங்கியிருந்தது. குச்சியில் ஏறித் தலைகீழாகத் தொங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகச் சிறகு விரிந்து நீண்டது. தொங்க இடம் இல்லாவிட்டால் சிறகு கோணிப் போகும்; குச்சி அதற்குத்தான். பச்சையில் எத்தனை உண்டோ அத்தனை பச்சையும், நடுவே இளம் ரோஜாவும், வெள்ளைக் கோடுகளும்! அத்தைகூடக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார்கள். "பட்டுச் சேலையில இந்தக் கலர் கேட்டா இல்லம்பான்" என்றார்கள். இந்த ஜாதி அந்துப்பூச்சி பெரிய பறப்பாளி. ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டி ஐரோப்பா வரைக்கும் போகிறதாம்.

புழு எதைத் தின்று எதுவாக மாறுகிறது என்று படம் போட்டுக் காட்டியவர்களில் முன்னோடி ஒரு பெண்தான். மரியா சிபில்லா மெரியன், 1647-இல் ஜெர்மனியில் பிறந்தவர். பதின்மூன்று வயதில் பட்டுப்புழு வளர்த்துப் பார்த்தவர். பூச்சிகள் சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் தானாக உண்டாகின்றன என்று பலர் நம்பிய காலம் அது. வீட்டையும் இரண்டு பெண் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டே, 1679-இல் புழுக்களைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். 1699-இல், ஐம்பத்திரண்டு வயதில், இளைய மகளைக் கூட்டிக்கொண்டு கப்பலேறித் தென்னமெரிக்காவில் சுரினாம் வரை போனார். நம் நாட்டில், கார்வார் பக்கம் காட்டிலாகா அதிகாரியாக இருந்த பெல் என்பவர் ஸ்காட் என்பவரோடு சேர்ந்து 1937-இல் எழுதிய புத்தகம், நந்தியாவட்டைப் புழுவின் வகையறாக்களை மட்டுமே விவரிக்கிறது. இந்தியாவில் அந்துப்பூச்சி வகை 10,000-க்கும் மேல் என்கிறார்கள். பட்டாம்பூச்சியோ சுமார் 1,300தான்.

படம் எடுக்க விலையுயர்ந்த கேமரா வேண்டியதில்லை. காலையில் வெயில் ஏறும் முன், நிழலில், பிளாஷ் இல்லாமல், பக்கவாட்டிலிருந்து எடுங்கள். மேலிருந்து எடுத்தால் காலும் கோடும் தெரியாது. பக்கத்தில் ஒரு தீக்குச்சி வைத்தால் அளவு தெரியும். எந்தச் செடி என்று குறிப்பது மிக முக்கியம். செடியைச் சொன்னால் பாதிப் பெயர் தெரிந்துவிடும். ஆமணக்கில் முழம் போட்டு நடப்பது ஒன்று. சீந்தில் கொடியில் கறுப்பாக, கண் வரைந்ததுபோல் இருப்பது இன்னொன்று. அது வளர்ந்ததும் எலுமிச்சை, கொய்யாவை ஊசிபோல் குத்திச் சாறு குடிக்கும். எல்லாரும் நல்லவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மல்லிகை மொட்டைத் துளைக்கிற புழுவிடம் எனக்குத் துளிக்கூடத் தயவு கிடையாது. ஆனால் பப்பாளிப் பூவுக்கு மகரந்தம் கொண்டுபோவது இருட்டில் வரும் அந்துப்பூச்சிகள்தான். தையல்சிட்டு தன் குஞ்சுக்கு ஊட்டுவதும் இந்தப் புழுக்களைத்தான். மருந்தடித்தால் எல்லாம் சேர்ந்து போகும்.

ராத்திரியில் பார்க்க ஆசைப்பட்டால், பழைய வெள்ளை வேட்டியைக் கொடியில் போட்டு முன்னால் ஒரு பல்பு எரியவிடுங்கள். அமாவாசை நல்ல நாள். நிலா வெளிச்சம் குறுக்கே வராது. ஆடி அமாவாசைக்கு எங்கள் சேர்மன் அருணாசல சுவாமி கோவில் திருவிழா. ஊரே வெளிச்சமாக இருக்கும். ஆனால் ஆடிக் காற்றில் பூச்சி நிற்காது. ஐப்பசி அமாவாசைக்கு ஈடில்லை. கனிந்த வாழைப்பழத்தை வெல்லத்தோடு பிசைந்து மரத்தில் தடவினாலும் வரும். ஏரலில் வாழைப்பழத்துக்கா பஞ்சம்?

2023 டிசம்பர் 17, மார்கழி பிறந்த அன்று பிடித்த மழை எங்கள் ஊரைத் தீவாக்கியது. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி வீட்டுக்குள் வந்துவிட்டது. மாடியில் உட்கார்ந்திருந்தோம். கீழே முருங்கை சாய்ந்த சத்தம் மட்டும் கேட்டது. தண்ணீர் வடிந்த பிறகு புறவாசலில் முழங்கால் அளவு வண்டல். தேதி எழுதின நோட்டு கூழாகிவிட்டது. படங்கள் போனில் இருந்ததால் தப்பின. மண்ணுக்குள் இருந்த கூட்டுப்புழுக்களை நினைத்து மகள் அழுதாள். வீட்டுச் சாமான் போனதற்குக்கூட அவள் அப்படி அழவில்லை. நந்தியாவட்டை சேற்றைக் கிழித்துக்கொண்டு துளிர்த்தது. மாசி கடந்து, பங்குனியும் பாதி போன பிறகுதான் அதில் முதல் புழுவைப் பார்த்தோம். எங்கிருந்து பறந்து வந்து முட்டையிட்டதோ!

முருங்கைக்குப் பதிலாக ஒரு போத்து வெட்டி வந்து ஊன்றினோம். அத்தைதான் இடம் பார்த்துக் கொடுத்தார்கள், துணிக்கொடியிலிருந்து தள்ளி. இப்போது அது கூரையைத் தொட்டுவிட்டது. மழை விட்ட சாயங்காலங்களில் மகள் டார்ச்சோடு போய் அடிமரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "இன்னைக்கு ஒண்ணும் இல்லம்மா, நாளைக்குக் கீர பறிக்கலாம்" என்கிறாள்.