உழைச்செல்வாள்

திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்துக்கு நான்கு பகுதிகள் சொல்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து பணிசெய்பவர். நான்காமவருக்கு அங்கே உள்ள சொல் ‘உழைச்செல்வான்’. உழை என்றால் பக்கம். வகுப்பில் இந்தக் குறளை நடத்தும்போதெல்லாம் அந்த ஆண்பால் விகுதி எனக்கு இடறும். இன்று எந்தக் கண் மருத்துவமனைக்குள் நுழைந்தாலும் அந்த இடத்தில் நிற்பவள் பெண்தான், பெரும்பாலும் இருபது வயதுக்காரி. எல்லோருக்கும் அவள் ‘சிஸ்டர்’. சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் மருத்துவர் பெயரைச் சொல்வார்கள். சிஸ்டரின் பெயரைச் சொன்ன ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்துக் கண் மருத்துவத்தின் பெரும்பகுதி வேலையை அவர்களிடம் ஒப்படைக்கும் முறை அங்கே வேரூன்றியது. மருத்துவர் மட்டுமே செய்யக்கூடியதை மருத்துவர் செய்வார். ஓர் அறுவை முடியும்போது அடுத்த மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். தயார் செய்பவர்கள் இந்தப் பெண்கள். மேலாண்மைக் கல்வியில் இது பாடமாகவே இருக்கிறது. செலவு எப்படிக் குறைந்தது என்பது அந்தப் பாடத்தின் கேள்வி. அந்தப் பெண்ணின் கையில் கடைசியில் என்ன மிஞ்சியது என்பது என்னுடையது.

என் சித்தி மகள் படித்தது அங்கே அல்ல. இதே முறையில் பயிற்சி தரும் இன்னொரு மருத்துவமனையில். கோவில்பட்டிப் பக்கம் அவள் ஊர். பிளஸ் டூ முடித்தபோது அவள் முன்னால் இருந்தவை இரண்டு: தீப்பெட்டி ஆபீஸ், இல்லாவிட்டால் கல்யாணம். கட்டணம் இல்லை, மாதம் கொஞ்சம் உதவித்தொகை, தங்க விடுதி என்றதும் சித்தப்பா யோசித்தார். விடுதிக்குக் கேட் உண்டு, எல்லோரும் பொம்பளைப் பிள்ளைகள் என்று தெரிந்த பிறகுதான் தலையாட்டினார். பூட்டு இருந்ததால் கிடைத்த வெளியுலகம் அது.

முதல் சில மாதங்கள் கண்ணின் பாகங்கள். கார்னியா, ஐரிஸ், ரெட்டினா என்று தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்த நோட்டை அவள் இன்னும் வைத்திருக்கிறாள். கீழிமையை இழுத்து, மருந்துப் புட்டியின் முனை படாமல் ஒரு சொட்டு விடுவது. 6 மீட்டர் தள்ளி நிறுத்திப் பார்வைப் பலகையை வாசிக்கச் சொல்வது. நல்ல கண் 60 மீட்டரில் காண்பதை ஒருவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் காண முடிகிறது என்றால் 6/60 என்று குறிப்பது. வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வேறு பலகை. அதில் ஆங்கில எழுத்து ‘ஈ’ நாலா பக்கமும் திரும்பிக் கிடக்கும். கால் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறதென்று விரலால் காட்டினால் போதும். “எனக்கு எழுத்துத் தெரியாதே தாயி” என்று கூனிக்குறுகுகிற பாட்டிகளிடம் “கையக் காட்டுங்க ஆத்தா, அது போதும்” என்பாளாம்.

பிறகு ரெட்டினாஸ்கோப். இருட்டறையில் கண்ணுக்குள் ஒளிக்கீற்றைச் செலுத்தி அசைக்க வேண்டும். உள்ளிருந்து திரும்பும் சிவந்த ஒளி கூடவே அசைகிறதா, எதிர்த்து அசைகிறதா என்று பார்த்து, அசைவு நிற்கும்வரை லென்ஸை மாற்ற வேண்டும். “அந்த அசைவு கண்ணுல படவே எனக்கு மூணு மாசம் ஆச்சுக்கா. ஒருநாள் சட்டுனு தெரிஞ்சிருச்சு. அப்புறம் தெரியாம இருக்க முடியல.” முனைவர் பட்டத்துக்குப் பழம்பாடல்களோடு மல்லுக்கட்டிய எனக்கு அந்த ‘சட்டுனு’ நன்றாகப் புரிந்தது. அது அறிவு. கைப்பழக்கம் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

கண்புரை அறுவைக்கு முன் கண்ணின் நீளத்தை அளப்பதும் அவள் வேலை. கண் சுமார் 23, 24 மில்லிமீட்டர் நீளம். அதில் 1 மில்லிமீட்டர் பிசகினால் உள்ளே வைக்கும் லென்ஸின் பவர் ஏறத்தாழ 3 டயாப்டர் தவறிப்போகும். பார்வை சரியாக வந்தால் டாக்டர் கைராசி. வராவிட்டால், “அளவெடுத்தது யாரு?”

ஐந்தாண்டு அங்கே இருந்தாள். கடைசி இரண்டு ஆண்டு நிர்வாகப் பக்கம்: பதிவு, கேஸ் ஷீட், முகாம் பட்டியல், காப்பீட்டுத் தாள்கள், ஆலோசனை மேசை. உலகில் பார்வையிழந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஏன் என்பதை அந்த மேசையில் உட்கார்ந்தால் ஒரே வாரத்தில் தெரிந்துகொள்ளலாம் என்பாள். ஆண்கள் தேதி கேட்பார்கள். பெண்கள் “மகனைக் கேக்கணும்” என்பார்கள். வீட்டுக்குள் இருக்கிறவளுக்கு ஒரு கண் போதாதா என்று கேட்ட மகனிடம் அவள் சொன்னாளாம்: “அண்ணே, ஒரு கண்ணுல தூரம் சரியாப் புடிபடாது. கொதிக்கிற கொழம்ப எறக்குறது அவங்கதான?” எந்தக் கையேட்டிலும் இல்லாத பாடம் அது. அடுப்படி தெரிந்தவளுக்கே வரும்.

பிறகு கல்யாணம், வேறு ஊர், குழந்தை. மூன்று ஆண்டு கழித்து அந்த ஊரின் சிறிய கண் கிளினிக்கில் வேலை கேட்டுப் போனாள். அவளிடம் இருந்தது பயிற்சி தந்த மருத்துவமனை கொடுத்த சான்றிதழ். பல்கலைக்கழகப் பட்டம் இல்லையே என்று சொல்லி வரவேற்பாளர் சம்பளத்துக்கு எடுத்தார்கள். இரண்டாம் வாரமே பவர் பார்ப்பது, கண் அளப்பது, மாதக் கணக்கு, புதிதாக வந்த பெண்ணுக்குப் பயிற்சி எல்லாம் அவள் தலையில். வேலை கொடுக்கும்போது தெரிந்த திறமை சம்பளம் எழுதும்போது தெரியாமல் போயிற்று.

2021இல் இந்திய நாடாளுமன்றம் துணைமருத்துவத் தொழில்களுக்கென ஒரு தேசிய ஆணையச் சட்டம் இயற்றியது. அதன்படி துணைமருத்துவப் பணியாளர் என்ற தகுதிக்குக் குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டு ஆண்டுக்குக் குறையாத பட்டயமோ பட்டமோ வேண்டும். நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு ஆறு நாள் என்று போட்டாலும் என் தங்கை முதல் ஆண்டிலேயே 2,000 மணியைத் தாண்டியிருப்பாள். ஆனால் அந்த மணிகள் பட்டயமாக எழுதப்படவில்லை. எழுதப்படாத உழைப்பு பெண்களுக்குப் புதிதல்ல. வீட்டில் பழக்கியதை நிறுவனம் தொடர்கிறது.

அதனால் என் மாணவிகளிடமும், அவர்கள் வழியாக அவர்களின் தங்கைகளிடமும் சொல்கிறேன்: பயிற்சி இலவசம் என்றால் மகிழ்ச்சியாகச் சேருங்கள். சேரும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். பாடத்திட்டம் எழுத்தில் இருக்கிறதா? தேர்வு நடத்துவது யார்? சான்றிதழ் தருவது யார்? இந்த வாசலைத் தாண்டி அது செல்லுமா? கேட் வைத்த விடுதி போதும் என்று அப்பாக்கள் நிறைவடையலாம். நாம் அதோடு நிற்கக் கூடாது.

என் தங்கை ஓராண்டு பொறுத்தாள். பிறகு நியமனக் கடிதத்தைத் திருத்தித் தரச் சொல்லி எழுத்தில் கேட்டாள். சம்பளம் கொஞ்சம்தான் ஏறியது. பதவிப் பெயர் ‘கண் டெக்னீஷியன் மற்றும் நிர்வாகி’ என்று மாறியது. நிர்வாகி என்பதால் கிளினிக் படிவங்களை அச்சடிக்கும் பொறுப்பு அவளுடையது. புதுக் கேஸ் ஷீட்டில் அளவுகளுக்குக் கீழே ஒரு கட்டம் சேர்த்தாள்: அளவெடுத்தவர், முழுப்பெயர்.

இதெல்லாம் எதற்கு என்று டாக்டர் கேட்டாராம்.

“தப்பு நடந்தா யாருன்னு கேப்பீங்கள்ல, டாக்டர்” என்றிருக்கிறாள். “சரியா வந்தாலும் தெரியட்டும்.”